புது நாணயம் வங்கிக்கு வரும் காலம்: அமெரிக்காவில் ரோல் சேகரிப்போருக்கு

ஜனவரி பிறந்ததும் அமெரிக்காவில் நாணயம் சேகரிப்பவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த ஆண்டு போட்ட காசு எப்போது கைக்கு வரும்? வங்கிக்குப் போய்க் கேட்டால் காசாளர் உதட்டைப் பிதுக்குவார். பக்கத்து மாநிலத்தில் இருக்கும் நண்பருக்குப் பிப்ரவரியிலேயே ஒரு ரோல் முழுக்கப் புதுக் குவார்ட்டர் கிடைத்துவிடும். நமக்கோ ஆகஸ்ட் வரை ஒன்றுகூட வராது. இதில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டு, ஆனால் சிறிய பங்குதான். மீதியை நிர்ணயிப்பது காசு பயணப்படும் வழி. அந்த வழி தெரிந்தவர் எந்த மாதம், எந்த வங்கியில், என்ன கேட்பது என்று முடிவு செய்யலாம்.

இந்த அத்தியாயம் அமெரிக்காவில் வாழும் தமிழ்ச் சேகரிப்பாளர்களுக்கும், அங்கே உறவினர் இருப்பவர்களுக்கும் எழுதியது. தாளில் சுற்றிய நாணய ரோலை வங்கியில் முகமதிப்புக்கே வாங்கி, வீட்டில் பிரித்துப் பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுக்கும் பொழுதுபோக்கு அங்கேதான் வேரூன்றி வளர்ந்திருக்கிறது.

நாணயச்சாலையிலிருந்து காசாளர் மேசை வரை

அமெரிக்க நாணயச்சாலைக்கு நாணயம் அடிக்கும் இடங்கள் நான்கு: பிலடெல்பியா, டென்வர், சான் பிரான்சிஸ்கோ, வெஸ்ட் பாயின்ட். அன்றாடப் புழக்கத்துக்கான காசு முதல் இரண்டில்தான் அடிக்கப்படுகிறது. மற்ற இரண்டும் பெரும்பாலும் சேகரிப்பாளர்களுக்கான சிறப்பு நாணயங்களையும் தங்கம், வெள்ளி நாணயங்களையும் கவனிக்கின்றன.

நாணயச்சாலை வணிக வங்கிகளுக்கு நேரடியாகக் காசு அனுப்புவதில்லை. அதை வாங்குவது பெடரல் ரிசர்வ். நாடு முழுவதும் உள்ள 12 பெடரல் ரிசர்வ் வங்கிகள் தங்கள் வட்டாரத்துக்கு எவ்வளவு சில்லறை வேண்டும் என்று கணக்கிடுகின்றன. மாதாமாதம் தேவையைச் சொல்வதோடு, அடுத்த 12 மாதங்களுக்கு எவ்வளவு வேண்டியிருக்கும் என்ற மதிப்பீட்டையும் நாணயச்சாலைக்குத் தருகின்றன. அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் அச்சு ஓடுகிறது. அடித்த காசைப் பெடரல் ரிசர்வ் முகமதிப்புக்கு வாங்கிக்கொள்கிறது. 25 சென்ட் காசுக்கு 25 சென்ட்.

புதுக்காசு பெரிய பைகளில் லாரி ஏறிக் கிளம்புகிறது. ஒரு பகுதி பெடரல் ரிசர்வின் பெட்டகங்களுக்குப் போகும். இன்னொரு பகுதி, பிரிங்க்ஸ், லூமிஸ், கார்டா போன்ற கவச வண்டி நிறுவனங்கள் நடத்தும் நாணயக் கிடங்குகளுக்குப் போகும். அந்தக் கிடங்குகளில் இருக்கும் காசும் பெடரல் ரிசர்வின் கணக்கில்தான் இருக்கும். வங்கி கேட்கும்போது பையைத் திறந்து, எந்திரத்தில் எண்ணி, தாளில் சுற்றி, பெட்டியில் அடுக்கி அனுப்புவது இந்த நிறுவனங்களின் வேலை. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் எந்த நிறுவனம், எந்த ஊரில் கட்டியது என்று பெரும்பாலும் இருக்கும். அதைக் குறித்துவைக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கிடங்கு எந்தக் கிளைக்கு அனுப்புகிறது என்பது போகப்போகப் புரிந்துவிடும்.

ஆக, புதுக்காசு உங்கள் கைக்கு வருமுன் நாலு இடத்தில் தங்கி வருகிறது: நாணயச்சாலை, பெடரல் ரிசர்வ், கவச வண்டிக் கிடங்கு, வங்கிக் கிளை. எங்கே எத்தனை நாள் தங்கும் என்பதற்கு விதி கிடையாது. நாணயம் கிளம்பிய தேதி தெரிந்தாலும் வந்துசேரும் தேதி தெரியாமல் போவது இதனால்தான்.

ஆண்டு பிறந்தும் காசு வராதது ஏன்?

காசின் மேல் இருக்கும் ஆண்டுக்கும் அது வங்கிக்கு வரும் மாதத்துக்கும் நெருங்கிய உறவு இல்லை. உறவெல்லாம் சில்லறையின் தேவையோடுதான்.

பெடரல் ரிசர்விடம் ஒரு வங்கி குவார்ட்டர் கேட்டால், முதலில் கையில் இருப்பதிலிருந்துதான் போகும். கையில் இருப்பது பெரும்பாலும் பழைய காசு. கடைகள் வங்கியில் கட்டியதும், மக்கள் உண்டியலில் சேர்த்ததை எண்ணும் எந்திரத்தில் கொட்டியதும் சுற்றி வந்து மறுபடி ரோலாகிறது. நாணயச்சாலையே சொன்ன கணக்கு ஒன்று உண்டு: 2019ஆம் ஆண்டில் புழக்கத்துக்கு வழங்கப்பட்ட காசில் புதிதாக அடித்தது 17 விழுக்காடுதான். மீதி முழுதும் எண்ணும் நிறுவனங்கள் வழியாகவும் கடை வியாபாரம் வழியாகவும் திரும்பி வந்த பழைய காசு. வங்கியில் வாங்கும் ரோலில் பழைய காசு இருப்பதுதான் இயல்பு என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இது இன்னும் கூடும். டிசம்பர் விடுமுறை வியாபாரத்துக்காகக் கடைகள் நிறையச் சில்லறை வாங்கி வைத்திருக்கும். வியாபாரம் ஓய்ந்ததும் அது வங்கிக்குத் திரும்பும். பெட்டகம் நிறைந்திருக்கும்போது புதுப் பையைத் திறக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. போதாக்குறைக்கு டிசம்பர் வரை அடித்த போன ஆண்டுக் காசும் அப்போதுதான் வந்துகொண்டிருக்கும். மளிகைக்கடையில் பழைய மூட்டை தீர்ந்த பிறகே புது மூட்டையை அவிழ்ப்பதுபோலத்தான். வசந்தமும் கோடையும் வந்து சில்லறைக்குக் கிராக்கி ஏறும்போதுதான் புதிய ஆண்டின் காசு பரவலாகக் கண்ணில் படத் தொடங்கும்.

தேவை குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2009ஆம் ஆண்டே சாட்சி. பொருளாதார நெருக்கடியில் மக்கள் வீட்டில் கிடந்த சில்லறையை எல்லாம் வங்கியில் கொண்டுவந்து கொட்டினார்கள். வியாபாரமும் படுத்துவிட்டது. பெடரல் ரிசர்வின் பெட்டகங்கள் நிரம்பி வழிந்தன. 2008இல் ஆயிரம் கோடியைத் தாண்டிய நாணய உற்பத்தி, 2009இல் சுமார் 355 கோடிக்கு விழுந்தது. பிலடெல்பியாவில் 2008இல் ஏறக்குறைய 28 கோடி நிக்கல் அடித்தார்கள். 2009இல் அடித்தது 4 கோடிக்கும் குறைவு. டென்வரின் 2009 டைம் 5 கோடியைத் தொடவில்லை. அந்த ஆண்டின் நிக்கலையும் டைமையும் பல ஊர்க்காரர்கள் அந்த ஆண்டில் பார்க்கவே இல்லை. இன்றும் ரோல் பிரிக்கும்போது 2009 நிக்கல் அகப்பட்டால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2020இல் நடந்தது இதற்கு நேர்மாறானது. பெருந்தொற்றில் கடைகள் மூடின, மக்கள் வெளியே வரவில்லை, சில்லறை வீடுகளிலேயே தங்கிவிட்டது. நாட்டில் மொத்தக் காசு குறையவில்லை, சுற்றுவதுதான் நின்றது. அந்த ஜூன் மாதம் பெடரல் ரிசர்வ் ஒவ்வொரு வங்கிக்கும் இவ்வளவுதான் என்று பங்கு வைத்தது. நாணயச்சாலை வேகமாக அடித்தது. பழைய காசு திரும்பாததால் வங்கிக்கு வந்த ரோல்களில் புதுக்காசின் பங்கு கூடியது. ஆனால் வங்கிகள் தனி வாடிக்கையாளர்களுக்கு ரோல் தருவதைக் குறைத்துக்கொண்டன. கையிருப்பு மிகுந்தால் புதுக்காசு பெட்டகத்தில் தங்கும், பற்றாக்குறை வந்தால் வேகமாக வெளியே வரும் என்பதை இந்த இரண்டு ஆண்டுகளும் காட்டுகின்றன.

ஊருக்கு ஊர் வேறுபடும்

காசின் முகப்பில் இருக்கும் சிறிய எழுத்துதான் நாணயச்சாலைக் குறி. பி என்றால் பிலடெல்பியா, டி என்றால் டென்வர். சென்ட்டில் மட்டும் பிலடெல்பியாவுக்கு எழுத்து கிடையாது. 2017ஆம் ஆண்டில் மட்டும் அதிலும் பி பொறித்தார்கள். எந்த ஊருக்கு எந்தக் காசு வரும் என்பதற்கு மிசிசிப்பி ஆற்றை எல்லையாக வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கிழக்கே இருப்பவருக்குப் பெரும்பாலும் பிலடெல்பியாக் காசு, மேற்கே இருப்பவருக்குப் பெரும்பாலும் டென்வர்க் காசு. நியூஜெர்சியிலிருந்து டென்வரின் புது ரோலைத் தேடி அலைவதில் பயன் குறைவு. கலிபோர்னியாவில் இருக்கும் ஒருவரோடு ரோலுக்கு ரோல் மாற்றிக்கொள்வது எளிது. இரண்டு கரையிலும் தமிழர்கள் இருப்பதால் அப்படி ஓர் ஆளைத் தேடிப் பிடிப்பது நமக்குக் கடினமில்லை.

ஒரே நாணயச்சாலையில் அடித்த காசுகூட எல்லா ஊருக்கும் சமமாகப் பரவாது. 2004ஆம் ஆண்டின் விஸ்கான்சின் குவார்ட்டர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் ஒரு சோளக்கதிர் உண்டு. டென்வரில் அடித்தவற்றில் சிலவற்றில் அந்தக் கதிரின் இடப்புறத்தில் இல்லாத இலை ஒன்று கூடுதலாக விழுந்திருந்தது. அந்தக் காசுகள் முதலில் வெளிப்பட்டது விஸ்கான்சினில் அல்ல. அரிசோனாவின் டூசான் பக்கத்திலும் டெக்சாஸின் சான் அன்டோனியோ பக்கத்திலும்தான். பழுதான அச்சில் அடித்த காசு சில பைகளில் விழுந்தது, அந்தப் பைகள் சில கிடங்குகளுக்குப் போயின, அந்தக் கிடங்குகளை நம்பிய கிளைகளில் அந்த ரோல்கள் வந்தன. ஒரு கிளையில் ஒரு விசித்திரமான காசு கிடைத்தால் மறுநாளே அதே கிளைக்குப் போய் இன்னும் சில ரோல் வாங்குங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

2019இல் நாணயச்சாலையே ஒரு தேடலைத் தொடங்கி வைத்தது. வெஸ்ட் பாயின்ட்டில் டபிள்யூ குறியோடு குவார்ட்டர் அடித்து, வடிவம் ஒன்றுக்கு 20 லட்சம் என்று ஐந்து வடிவங்களிலும் சேர்த்து 1 கோடியைப் பிலடெல்பியா, டென்வர் காசுகளோடு கலந்து பைகளில் போட்டார்கள். 2020லும் அப்படியே செய்தார்கள். எந்த வங்கிக்கு எப்போது போகும் என்று அறிவிக்கவில்லை. பொதுப்புழக்கக் குவார்ட்டரில் டபிள்யூ குறி வந்தது 2019இல்தான் முதல்முறை. இன்றும் இவை புழக்கத்திலிருந்து கிடைக்கின்றன. குவார்ட்டர் ரோல் பிரிக்கும் ஒவ்வொருவரும் 2019, 2020 காசுகளின் குறியைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

புது வடிவம் அறிமுகமாகும்போது

வடிவம் மாறும் காலத்தில் ரோல் சேகரிப்பவருக்கு வாய்ப்பு கூடும். 1999இல் தொடங்கி 2008 வரை ஆண்டுக்கு ஐந்தாக வந்த மாநிலக் குவார்ட்டர்கள்தான் லட்சக்கணக்கான அமெரிக்கக் குடும்பங்களை நாணயத்தின் பக்கம் திருப்பின. ஏறக்குறைய பத்து வாரத்துக்கு ஒரு வடிவம் வெளியானது. அதன்பின் 2010 முதல் 2021 வரை தேசியப் பூங்காக்களையும் வரலாற்றுத் தலங்களையும் காட்டும் 56 வடிவங்கள் வந்தன. 2022 முதல் 2025 வரை அமெரிக்கப் பெண்கள் வரிசையில் 20 வடிவங்கள் வந்தன. அதில் முதல் காசு 2022 ஜனவரியில் கிளம்பிய மாயா ஏஞ்சலோ குவார்ட்டர். 2026இல் நாடு பிறந்த 250ஆம் ஆண்டை ஒட்டி, 1776, 2026 என்ற இரண்டு ஆண்டுகளையும் தாங்கிய காசுகள் வருகின்றன.

நாணயச்சாலை ஒரு வடிவத்தை வெளியிட்டதாக அறிவிக்கும் நாள் என்பது அது பெடரல் ரிசர்வுக்குக் கிளம்பும் நாள். உங்கள் கிளைக்கு வரும் நாளாக அதை எண்ணிவிடாதீர்கள். வங்கியால் பெடரல் ரிசர்விடம் "குவார்ட்டர் வேண்டும்" என்று கேட்க முடியும். "இந்த வடிவம் வேண்டும்" என்று கேட்க முடியாது. இதற்கு விலக்காக இருந்தது 2007 பிப்ரவரியில் தொடங்கிய குடியரசுத் தலைவர் டாலர் வரிசை. ஒவ்வொரு புதுத் தலைவரின் காசும் வெளியாகும்போது, சில வாரங்களுக்கு அந்த வடிவத்தைக் கலப்பில்லாமல் வாங்க வங்கிகளுக்குச் சட்டமே வழி செய்தது. சேகரிப்பாளர்களுக்கு அது பொற்காலம். ஆனால் மக்கள் டாலர்க் காசைக் கையில் எடுக்கவில்லை. 140 கோடிக்கும் மேல் பெட்டகங்களில் தேங்கியதால், 2011 டிசம்பரில் அவற்றைப் புழக்கத்துக்கு அடிப்பதை நிறுத்தினார்கள். 2012 முதல் டாலர்க் காசு சேகரிப்பாளர்களுக்கு மட்டும்தான்.

2009இன் லிங்கன் சென்ட் இன்னொரு பாடம். லிங்கன் பிறந்த 200ஆம் ஆண்டுக்காக நான்கு வடிவங்கள் வந்தன. முதல் வடிவம் பிப்ரவரி 12 அன்று, அவர் பிறந்த கென்டக்கியின் ஹாட்ஜன்வில் ஊரில் விழா எடுத்து வெளியானது. விழாவுக்கு வந்தவர்கள் பழைய தாளைக் கொடுத்துப் புது ரோல் வாங்கிப் போனார்கள். மற்ற ஊர்களில் பெட்டகம் ஏற்கெனவே சென்ட்டால் நிறைந்திருந்ததால் மாதக்கணக்கில் அந்தக் காசு எட்டிப் பார்க்கவில்லை. வெளியீட்டு விழா உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நடந்தால் தவறவிடாதீர்கள். முகமதிப்புக்கே புத்தம் புது ரோல் உறுதியாகக் கிடைக்கும் இடம் அதுதான்.

வங்கிக்கு வராத காசுகள்

சில காசுகளுக்காக வங்கியில் காத்திருப்பதே வீண். 2002 முதல் 2020 வரை ஹாஃப் டாலர் புழக்கத்துக்காக அடிக்கப்படவில்லை. அந்த ஆண்டுகளின் காசு நாணயச்சாலையின் விற்பனைப் பிரிவில் கூடுதல் விலைக்கு மட்டுமே கிடைத்தது. வங்கி ரோலில் ஒன்று கிடைத்தால், யாரோ தங்கள் சேகரிப்பை உடைத்துச் செலவழித்திருக்கிறார்கள் என்று பொருள். 2021இல் மறுபடி புழக்கத்துக்கு அடித்தார்கள்.

சென்ட்டின் கதை முடிந்துவிட்டது. ஒரு சென்ட் அடிக்க 2024 நிதியாண்டில் 3.69 சென்ட் செலவானது. புழக்கத்துக்கான கடைசிச் சென்ட் 2025 நவம்பர் 12 அன்று பிலடெல்பியாவில் அடிக்கப்பட்டது. புதுச் சென்ட் ரோல் இனி வங்கிக்கு வராது. பெட்டகத்தில் இருப்பதுதான் மிச்சம். 2025 சென்ட் ரோல் முகமதிப்புக்குக் கிடைத்தால் ஒன்றிரண்டு வாங்கி வையுங்கள். கடைசி ஆண்டு என்பதற்காகப் பல மடங்கு விலை கொடுக்க வேண்டாம். கடைசி ஆண்டு என்று அறிவித்த காசை எல்லோரும் எடுத்து வைப்பார்கள். எல்லோரும் எடுத்து வைத்தது அரிதாவதில்லை.

ரோல், பெட்டி: ஒரு கணக்கு

வங்கிக்குப் போகுமுன் இந்த எண்கள் நாக்கு நுனியில் இருக்கட்டும்.

- சென்ட்: ரோலுக்கு 50 காசு, 50 சென்ட். பெட்டிக்கு 2,500 காசு, 25 டாலர். எடை 6 கிலோவுக்குச் சற்று மேல். தாளின் நிறம் சிவப்பு.
- நிக்கல்: ரோலுக்கு 40 காசு, 2 டாலர். பெட்டிக்கு 2,000 காசு, 100 டாலர். எடை 10 கிலோ. நிறம் நீலம்.
- டைம்: ரோலுக்கு 50 காசு, 5 டாலர். பெட்டிக்கு 2,500 காசு, 250 டாலர். எடை 5.7 கிலோ. நிறம் பச்சை.
- குவார்ட்டர்: ரோலுக்கு 40 காசு, 10 டாலர். பெட்டிக்கு 2,000 காசு, 500 டாலர். எடை 11 கிலோவுக்கு மேல். நிறம் ஆரஞ்சு.
- ஹாஃப் டாலர்: ரோலுக்கு 20 காசு, 10 டாலர். பெட்டிக்கு 1,000 காசு, 500 டாலர். எடை குவார்ட்டர்ப் பெட்டி அளவே.
- டாலர்: ரோலுக்கு 25 காசு, 25 டாலர். பெட்டிக்கு 1,000 காசு, 1,000 டாலர். எடை 8 கிலோவுக்கு மேல்.

முதுகுவலி உள்ளவர்கள் குவார்ட்டரையும் ஹாஃப் டாலரையும் பெட்டியாக வாங்காமல் ரோலாக வாங்குவது நல்லது.

வங்கியில் கேட்கும் முறை

முதலில், கணக்கு வைத்திருக்கும் வங்கிக்கே போங்கள். கணக்கு இல்லாதவருக்கு ரோல் தரப் பல வங்கிகள் மறுக்கும். தனிநபர் கணக்குக்குப் பெரும்பாலும் கட்டணம் இருக்காது. வணிகக் கணக்குக்கு ரோலுக்கு இவ்வளவு என்று பிடிப்பார்கள். இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, கிளை பெரும்பாலும் வாரத்துக்கு ஒரு முறைதான் காசுக்குச் சொல்லி அனுப்பும். எந்த நாளில் சொல்கிறார்கள், எந்த நாளில் வண்டி வருகிறது என்பதைப் பொறுப்பில் இருப்பவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். பாதுகாப்பு கருதி வண்டி வரும் நாளைச் சொல்லத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். "என்றைக்குள் சொன்னால் எனக்கு ஒரு பெட்டி வரும்?" என்று கேட்டாலே போதும்.

மூன்றாவது, "பிரிக்காத புது ரோல் இருக்கிறதா, வாடிக்கையாளர் கையால் சுற்றியது இருக்கிறதா?" என்று இரண்டையும் தனித்தனியே கேளுங்கள். புதுக்காசு வருவது எந்திரம் சுற்றிய ரோலில். பழைய வெள்ளிக்காசு மறைந்திருப்பது பெரும்பாலும் கையால் சுற்றிய ரோலில். இரண்டுக்கும் தேடல் வேறு.

நான்காவது, சம்பள நாள், மாதத்தின் முதல் நாள், வெள்ளிக்கிழமை மாலை ஆகிய நேரங்களைத் தவிர்த்துவிடுங்கள். பின்னால் வரிசை நிற்கும்போது காசாளரால் இழுப்பறையைத் துழாவிப் பார்க்க முடியாது. கூட்டமில்லாத நாளின் முற்பகலில் போகிறவருக்கு "இந்த வாரம் பளபளப்பாக ஏதோ வந்தது, பாருங்கள்" என்று அவரே எடுத்துத் தருவார்.

ஐந்தாவது, சொல்லி வைத்த பெட்டியைக் கட்டாயம் வாங்குங்கள். வந்த பிறகு "பழைய காசாக இருக்கிறது, வேண்டாம்" என்றால் அடுத்த முறை உங்கள் பேச்சுக்கு மதிப்பிருக்காது.

ஆறாவது, பிரித்த காசை வாங்கிய கிளையிலேயே கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். அவர்களுக்கு அது இரட்டை வேலை. நீங்கள் பார்த்து ஒதுக்கிய காசே மறுபடி உங்களிடம் வரும் தொல்லையும் உண்டு. காசு எண்ணும் எந்திரம் வைத்திருக்கும் வேறொரு வங்கியைத் திருப்பிக் கட்டுவதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சட்டச் செய்தி: ஒரே நாளில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் கட்டினாலோ எடுத்தாலோ வங்கி அரசுக்கு அறிக்கை அனுப்பும். நாணயமும் ரொக்கம்தான். அறிக்கை போவதில் தவறொன்றுமில்லை. அதைத் தவிர்ப்பதற்காகத் தொகையைத் துண்டு துண்டாகப் பிரிப்பதுதான் குற்றம்.

பிரித்துப் பார்க்கும்போது

ரோலின் இரு முனைகளிலும் தெரியும் காசுகளை முதலில் பாருங்கள். இரண்டும் புத்தம் புதிதாக, ஒரே வடிவமாக இருந்தால் உள்ளே முழுதும் புதுக்காசாக இருக்க நல்ல வாய்ப்பு. ஒரு முனை புதிது, மறுமுனை தேய்ந்தது என்றால் கலப்பு ரோல். பெட்டி முழுதையும் பிரிக்காமலே முனைகளைப் பார்த்துத் தரம் பிரிக்க ஐந்து நிமிடம் போதும்.

அச்சிலிருந்து வந்தபடியே இருக்கும் காசை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்தால், ஒளி ஆரக்கால்கள்போல மையத்திலிருந்து விரிந்து சுழலும். கையில் புரண்ட காசில் அந்தச் சுழல் மேடான இடங்களில் அறுந்து தெரியும். இதை ஒரு முறை கண்ணால் பார்த்துப் பழகிவிட்டால் பிறகு ஏமாற மாட்டீர்கள். புதுக்காசிலும் கீறல் இருக்கும். ஆயிரக்கணக்கில் ஒரே பையில் ஒன்றோடொன்று மோதி வருவதால் அது இயல்பு. ஒரு புது ரோலிலிருந்து கீறல் குறைந்த இரண்டு மூன்று காசைப் பொறுக்குவதே நல்ல தேர்வு.

பார்க்க வேண்டியவை: வெட்டு விலகி அடிபட்ட காசு, அச்சு விரிசலால் வந்த மேட்டுக்கோடு, இரட்டையாக விழுந்த எழுத்து, கூடுதல் கோடு. கலப்பு ரோலில் 1964 வரையிலான டைம், குவார்ட்டர், ஹாஃப் டாலர் ஆகியவற்றில் 90 விழுக்காடு வெள்ளி உண்டு. 1965 முதல் 1970 வரை வந்த ஹாஃப் டாலரில் 40 விழுக்காடு. போர்க்கால நிக்கலில், அதாவது 1942 பின்பாதி முதல் 1945 வரை, 35 விழுக்காடு. டைம், குவார்ட்டர் ரோல்களை விளிம்பைப் பார்த்தே அலசலாம். இன்றைய காசின் விளிம்பில் செம்புக்கோடு தெரியும், வெள்ளிக்காசின் விளிம்பு முழுதும் வெள்ளையாக இருக்கும்.

வைத்துக்கொள்வதும் விடுவதும்

புது ரோலைப் பிரிக்காமல் வைப்பதென்றால் அதன்மேல் தேதி, ஊர், பெட்டிச் சீட்டில் இருந்த நிறுவனம் ஆகியவற்றை ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சேர்த்து வையுங்கள். பிரித்தால், விளிம்பைப் பிடித்து எடுத்து, நாணயத்துக்கென்றே செய்த கெட்டிப் பிளாஸ்டிக் குழாயில் போடுங்கள். மென்மையான பி.வி.சி. உறை காலப்போக்கில் பச்சைப் பிசுக்கை விடும், வேண்டாம். ஈரமில்லாத இடம் முக்கியம். எந்தக் காசையும் தேய்த்தோ கழுவியோ பளபளப்பாக்க வேண்டாம். ஒருமுறை தேய்த்த மேற்பரப்பு திரும்ப வராது.

இந்தியாவுக்கு எடுத்துவர நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சென்ட்டையும் நிக்கலையும் உருக்கவோ மொத்தமாக நாட்டுக்கு வெளியே அனுப்பவோ அமெரிக்காவில் 2006 டிசம்பரிலிருந்து தடை உண்டு. பயணம் போகிறவர் சில்லறையாக 5 டாலர் வரை கையில் கொண்டுவரலாம். சேகரிப்புக்கென்று கொண்டுவருவதற்கும் தனி வரம்பு உண்டு. பெட்டி பெட்டியாக எடுத்துவரத் திட்டமிடாதீர்கள்.

எவ்வளவு வைத்துக்கொள்வது என்பதற்கு 1950 டென்வர் நிக்கலைப் பாருங்கள். அடித்தது 26,30,030 காசுதான். அந்த வரிசையிலேயே குறைவு என்று தெரிந்ததும் மக்கள் ரோல் ரோலாக எடுத்துப் பதுக்கினார்கள். 2 டாலர் ரோல் 1964 வாக்கில் ஆயிரம் டாலரைத் தாண்டியது. பிறகு விலை சரிந்தது. வாங்கியவர்கள் எல்லோரும் வைத்திருந்தார்கள், வாங்க ஆளில்லை. இன்றைக்கும் அந்தக் காசில் புதிதாகக் கிடைப்பதைவிடத் தேய்ந்ததாகக் கிடைப்பதுதான் அரிது.

அதே காலத்தில் நாடு முழுதும் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது, அரசின் குற்றச்சாட்டு சேகரிப்பாளர்கள் மீதும் விழுந்தது. பதுக்கலைத் தடுக்க 1965 முதல் 1967 வரை காசில் நாணயச்சாலைக் குறியே இல்லாமல் செய்தார்கள். 1964 என்ற ஆண்டையே 1965லும் பொறித்தார்கள். நம் பொழுதுபோக்கு ஒரு நாட்டின் காசையே மாற்ற வைத்த காலம் அது.

ஆண்டுக்கு, நாணயச்சாலைக்கு, வடிவத்துக்கு ஒரு ரோல் போதும். அதை வங்கியில் முகமதிப்புக்கு முயலுங்கள். அந்த ஆண்டு கோடை முடிந்தும் கிடைக்கவில்லை என்றால், உங்கள் வட்டாரத்துக்கு அது வராமலே போகலாம். அப்போது மறு கரையில் இருப்பவரோடு மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது நாணயச்சாலை நேரடியாக விற்கும் ரோலைக் கூடுதல் விலைக்கு வாங்கி வரிசையை முடித்துவிடுங்கள். வங்கியில் வாங்கிய ரோலில் முதலுக்கு மோசம் வராது. பத்து டாலர் ரோல் என்றைக்கும் பத்து டாலர். வேண்டியதை எடுத்த பிறகு மீதியைத் தாமதிக்காமல் புழக்கத்துக்கு விடுங்கள். பெட்டகம் காலியானால்தான் அடுத்த புதுப் பை திறக்கும்.